மழையில்லாமல் கோடி போன ஏரி

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு கூட்டம் வேண்டும். கூட்டம் என்றால் பந்தல், பந்தல் என்றால் பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலி போட்டுவிட்டால் ஒரு மைக். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் பேச மைக் எதற்கு? ஏரி நாறுகிறது என்றால் கால்வாயைப் பிடித்து மேலே நடந்து போய் எங்கிருந்து நாற்றம் வருகிறதென்று பார். அதை விட்டுவிட்டு, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, 'உங்கள் ஏரி எப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள்' என்று வீடு வீடாகக் கேட்டுத் திரிகிறார்கள். ஆசையாம். கோவிந்தப்பனுக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே பல்லைக் கடிக்கத் தோன்றும். கடிக்கிற பல்லெல்லாம் போய்விட்டதால் துண்டை உதறி மறுபடி தோளில் அடித்துப் போட்டுக்கொள்வார்.

கூட்டத்தன்று காலையிலும் கருப்பி தண்ணீர் குடிக்கவில்லை.

மருமகள் முனிலட்சுமி கிணற்றுத் தண்ணீரில் தவிட்டைக் கரைத்து, மேலே ஒரு கை புண்ணாக்கைத் தூவி, வாளியை மாட்டின் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். மாடு மூக்கை உள்ளே விட்டது. புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டுத் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. நிறைசினை. வயிறு இரண்டு பக்கமும் சரிந்து தொங்கியது.

"குடிடி. ஏன்டி எங்கிட்ட வீம்பு பண்ற?"

"அது எப்படிக் குடிக்கும்? நீ குடிப்பியா?" என்றார் கோவிந்தப்பன், புல்கட்டை இறக்கிக்கொண்டே.

"நான் எங்க குடிக்கறது மாமா, நமக்குத்தான் கேன் தண்ணி வருதே. மாட்டுக்கும் கேன் வாங்கினா, கேன்காரனுக்காவ மாடு வளர்த்துக்கினு கெடக்க வேண்டியதுதான்."

"அப்ப புண்ணாக்கை இன்னும் கொஞ்சம் போடு."

"போட்டு ஏமாத்தச் சொல்றீங்க. செவலையை அப்படித்தான ஏமாத்தினோம்?"

கோவிந்தப்பன் புல்கட்டைப் பிரித்து உதறினார். செவலை மாசிக் கடைசியில் மாதம் நிறையாமல் கன்றைப் போட்டது. மயிர்கூட முளைக்காத கன்று. அதற்கப்புறம் மடி வற்றி, சந்தைக்குப் போய், யாரோ ஓட்டிக்கொண்டு போனான். வந்து பார்த்த மாட்டு டாக்டர், "தண்ணியா இருக்கலாம், வேற ஏதாச்சுமாவும் இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அந்த 'இருக்கலாம்' கோவிந்தப்பனின் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றது. படித்தவன் வாயில் 'ஆம்' என்று ஒரு சொல் வராதா? இனி வீட்டில் மிச்சம் கருப்பி ஒன்றுதான். இதுவும் கன்றை உதிர்த்துவிட்டால் தொழுவத்தைப் பிரித்து அடுப்பெரிக்கலாம்.

கிணறு ஏரிக்கரைக்குக் கீழே இருந்தது. ஏரி நிரம்பினால் கிணறும் நிரம்பும். முன்பெல்லாம் அதுதான் அந்த நிலத்துக்குப் பெருமை. இப்போது கிணறு கைக்கெட்டும் உயரத்தில் தளும்புகிறது. மேலே எண்ணெய் மாதிரி ஒரு படலம். வாளியை விட்டால் விலகி, எடுத்தால் கூடிக்கொள்கிறது.

ஏரியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. சூளகிரிக்கு மேற்கே, ஹைவேயிலிருந்து உள்ளடங்கி, மூன்று பக்கம் குன்றும் ஒரு பக்கம் கரையுமாகக் கிடக்கிற ஏரி. கர்நாடகா பக்கத்து மேட்டிலிருந்து ஒரு கால்வாய் வருகிறது. வழியில் கம்பெனிகள், புதுப்புது லேஅவுட்டுகள். எல்லாவற்றின் முதுகையும் உரசிக்கொண்டுதான் அது இங்கே வந்து சேரும். ஏரி நிரம்பி வழிகிற கடைக்கோடி வாய்க்குக் கோடி என்று பெயர். ஏரி கோடி போனால் ஊருக்கே திருவிழா. கோடிக்கல்லில் மஞ்சள் பூசி, கங்கம்மாவுக்குத் தேங்காய் உடைத்து, ரவிக்கைத் துண்டும் வெல்லமும் தண்ணீரில் விட்டு, கிடா வெட்டுவார்கள். வெட்டிய கிடாவின் பின்தொடை ஒன்றை மஞ்சள் தடவி, கீழே இருக்கிற ஊருக்கு அனுப்ப வேண்டும். இங்கே வழிகிற தண்ணீர் அடுத்தாற்போல் அவர்கள் ஏரிக்குத்தான் போகிறது. தொடையைக் கொண்டுபோகிறவர், "தண்ணி வருது, ஏந்திக்கோங்க" என்பார். கீழூர்க்காரர்கள் வெற்றிலை பாக்கு கொடுத்தனுப்புவார்கள். அவ்வளவுதான் இரண்டு ஊருக்கும் உள்ள ஒப்பந்தம்.

போன வருஷம் ஐப்பசியும் பொய்த்தது, கார்த்திகையும் பொய்த்தது. ராகி கதிர் பிடிக்காமல் மாட்டுக்குப் போயிற்று. ஆனால் தை மாதம், வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாத நாளில், ஏரி கோடி போனது.

யாராவது ஒருவர், ஒரே ஒருவர், மழையில்லாமல் எப்படி என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் பெய்திருக்கும் என்றார்கள். நுரை கோடிக்கல்லுக்கு மேலே இடுப்பளவு எழும்பி நின்றது. கங்கம்மா சிரிக்கிறாள் என்றாள் ஒரு கிழவி. நாற்றம் வந்தது. புதுத் தண்ணீர் என்றால் முதலில் அப்படித்தான் அடிக்கும் என்றார் நாராயணப்பன், ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர். தண்ணீர் கண்ட சந்தோஷத்தில் அவருக்கு மூக்கு வேலை செய்யவில்லை. கிடா கோவிந்தப்பனுடையது. தொடையில் மஞ்சள் தடவியதும் அவர் கைதான். கரைமேலேயே கல் கூட்டிக் குழம்பு வைத்து, ஏரித் தண்ணீரிலேயே இலை கழுவிச் சாப்பிட்டார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் அவருக்கு ஆத்திரம் வரும். யாரோ திறந்துவிட்ட சாக்கடைக்குக் கிடா வெட்டிய ஊர், இந்த ஜில்லாவிலேயே இது ஒன்றுதான்.

மகன் ஆனந்தராஜ் நைட் ஷிப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸில் இறங்கி வந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன. கையில் புதுசாக ஒரு டீ-ஷர்ட். முதுகில் ஏரிப் படம் போட்டு ஏதோ எழுதியிருந்தது.

"நைனா, கூட்டத்துக்குக் கௌம்பு. எங்க கம்பெனிதான் பந்தல் செலவு. ஊர்ல இருக்கறவங்களைக் கூட்டிக்கினு வான்னு சூப்பர்வைசர் சொல்லியிருக்காரு."

"அப்படியா? ஆட்டை ஓட்டிக்கினு வான்னு சொல்றாப்பலயே சொல்றான்."

"வந்து உக்காரு. சாப்பாடு போடறாங்க, சாப்பிடு. வாயை மட்டும் தொறக்காத."

"தொறக்காத எப்படிடா சாப்பிடறது?"

முனிலட்சுமி அடுப்படியிலிருந்து சிரித்தாள். அவளே களியைத் தட்டில் உருட்டி வைத்து, அவரைக்கொட்டைச் சாற்றை ஊற்றி, இரண்டு பேருக்கும் கொண்டுவந்து கொடுத்தாள். ஆனந்தராஜ் களியைக் கிள்ளிச் சாற்றில் முக்கி விழுங்கிக்கொண்டே தூங்கி விழுந்தான்.

"நானும் வரேன் மாமா. மாட்டைப் பத்திக் கேக்கணும்" என்றாள் முனிலட்சுமி.

"கேளு. 'இருக்கலாம்'னு சொல்லுவாங்க. முந்தானையில முடிஞ்சுக்கினு வா."

பந்தல் ஏரிக்கரை மேட்டில் போட்டிருந்தது. காற்று மாறினால் நாற்றம் நேராக முகத்தில் அடித்தது. கூட்டத்தை நடத்துகிற பெண்ணுக்குச் சரிதா என்று பெயர். ஏரியைச் சீர்செய்கிற திட்டத்தில் வேலை, ஓசூரில் ஆபீஸ். வெயிலில் நின்று முகம் கருத்திருந்தது, மூக்கில் துணி கட்டவில்லை. கோவிந்தப்பன் அதைக் கவனித்தார். கவனித்தும் அவருக்கு அவள்மேல் நம்பிக்கை வரவில்லை. கட்டாமல் இருக்கவும் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

தரையில் ஜமுக்காளம் விரித்து, அதன்மேல் வரிசையாகப் படங்கள். ஒன்றில் கொக்கு, ஒன்றில் மீன், ஒன்றில் பச்சை வயல், ஒன்றில் கரையைச் சுற்றிக் கல் பதித்த நடைபாதை, இன்னொன்றில் தெளிந்த தண்ணீர். ஆளுக்கு ஒரு காகிதக் கப்பில் அவரைக்கொட்டை கொடுத்தார்கள். எந்தப் படம் முக்கியம் என்று தோன்றுகிறதோ அதன்மேல் கொட்டையை வைக்க வேண்டும்.

"இது பொது ஏரி. உங்க எல்லாருக்கும் இதுல பங்கு இருக்கு" என்றாள் சரிதா. "அதனால முதல்ல நோக்கம் என்னன்னு ஒத்துக்கணும். அப்புறம் குறிக்கோள். நோக்கம்கிறது நாம போய்ச் சேர வேண்டிய ஊர்னு வச்சுக்கோங்க. குறிக்கோள்கிறது வழியில வர்ற பஸ் ஸ்டாப்."

"பஸ்ஸு எங்கம்மா இருக்குது?" என்றார் கோவிந்தப்பன்.

பந்தலில் சிரிப்பு. ஆனந்தராஜ் திரும்பி ஒரு பார்வை பார்த்தான்.

சரிதாவும் சிரித்தாள். "பஸ்ஸை நாமதான் ஓட்டணும் ஐயா. அஞ்சு வருஷத்துல இந்த ஏரி எப்படி இருக்கணும்? நீங்களே சொல்லுங்க."

"அஞ்சு வருஷத்தை அப்புறம் பேசுவோம். நாளைக்குக் காலையில எப்படி இருக்கணும்னு கேளு. சொல்றேன்."

"யோவ் கோவிந்தா, சும்மா இருய்யா" என்றார் நாராயணப்பன், தன் கப்பிலிருந்த கொட்டை முழுவதையும் மீன் படத்தின்மேல் கவிழ்த்துவிட்டு. "ஏரியில எப்பவும் தண்ணி இருக்கணும். அதை எழுதிக்கோம்மா. நான் குஞ்சு விட்டிருக்கேன்."

"உன் குஞ்சு போன வாரம் வயித்தைக் காட்டிக்கினு மெதந்துதே, அதையும் எழுதச் சொல்லு."

"அது வெயில்ல செத்துது."

"தண்ணிக்குள்ள இருக்கற மீனு வெயில்ல செத்துதா? குடை புடிக்கலையா நீ?"

இந்தத் தடவை சிரிப்பு பெரிதாக வந்தது. லேஅவுட்டில் குடியிருக்கிற தங்கதுரை எழுந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கம்பெனியில் மிஷின் ஓட்டிச் சம்பாதித்து இங்கேயே வீடு கட்டிக்கொண்டவர்.

"நான் ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்காதீய. எங்களுக்குக் கொசுத்தொல்லை தாங்க முடியல. கரையைச் சுத்தி நடைபாதை போட்டு லைட்டு வச்சா, சனங்க நடமாட்டம் இருக்கும். குப்பை கொட்ட மாட்டானுவ."

"உங்க வூட்டுக் கக்கூஸ் தண்ணி எங்கே போவுது தம்பி?" என்றார் கோவிந்தப்பன்.

தங்கதுரை லேஅவுட் பக்கம் கைகாட்டினார். "அது பில்டருக்குத்தான் தெரியும். குழாய் போட்டிருக்கான்."

"அந்தக் குழாய் வாய் கால்வாய்ல இருக்குது. நான் பார்த்தேன். நீ நடைபாதையில நடக்கறப்ப எட்டிப் பாரு, உன்னுது உனக்கே தெரியும்."

"நைனா!" என்றான் ஆனந்தராஜ்.

"ஐயாவைப் பேச விடுங்க" என்றாள் சரிதா. "ஐயா, உங்க நோக்கம் என்ன? நிஜமாவே கேக்கறேன்."

கோவிந்தப்பன் எழுந்தார். கப்பைக் கீழே வைக்கவில்லை. இந்தக் கேள்விக்காகத்தான் மாசியிலிருந்து மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்.

"மதகைத் தொற. மொத்தத் தண்ணியையும் வடிச்சு விடு. சித்திரை வெயில்ல தரை வெடிக்கட்டும். அடி வரைக்கும் காயட்டும். என் கெணறும் கீழே எறங்கும், எறைச்சு வெளியே ஊத்திட்டா ஊறற தண்ணி சுத்தமா ஊறும். என் மாடு குடிக்கும். அவ்வளவுதான் என் நோக்கம், குறிக்கோளு, பஸ் ஸ்டாப்பு எல்லாம். மதகு சாவி பஞ்சாயத்து ஆபீஸ்ல இருக்குது. இன்னைக்கே தொறக்கலாம்."

சில பேர் ஆமாம் என்றார்கள். நாராயணப்பன் கத்த ஆரம்பித்தார். அந்தச் சத்தத்துக்கு மேலே, பந்தலின் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"தொற அண்ணா. தொறந்து எங்க அனுப்புவ?"

சாக்கம்மா. கீழூர்க்காரி. தக்காளிக்காரி என்றால் எல்லாருக்கும் தெரியும். அவளைக் கூட்டத்துக்கு யாரும் அழைக்கவில்லை, நடந்தே வந்திருந்தாள். முழங்கால் வரை புழுதி.

"எங்க ஊருக்குத்தான வரும்? போன தையில நீ தொடை அனுப்பின. மஞ்ச தடவி, தண்ணி வருது ஏந்திக்கோங்கன்னு சொல்லி அனுப்பின. நாங்களும் வெத்தலை பாக்கு வச்சு வாங்கினோம். பின்னாடியே என்னா வந்துச்சு? ஒரு ஏக்கரா தக்காளி நாத்து நட்டிருந்தேன். பாய்ச்சின மறுநாளு வேரு கருகிப் போச்சு. பிடுங்கினா நூலு மாதிரி வருது. அது வழிஞ்ச தண்ணிக்கே. இன்னும் அடியில தங்கினதையும் கலக்கி அனுப்பறேங்கற. இந்த வாட்டி என்னா அனுப்பப் போற? தலையா?"

பந்தலில் யாரும் சிரிக்கவில்லை.

கோவிந்தப்பன் மாசியிலிருந்து ஒத்திகை பார்த்ததில் சாக்கம்மா ஒரு தடவைகூட வரவில்லை. தண்ணீர் வடியும் என்பது வரைக்கும்தான் அவர் நினைத்திருந்தார். வடிந்த தண்ணீர் எங்கேயாவது போகும், பள்ளத்துக்குப் போகும். பள்ளத்தில் ஆள் இருப்பது தெரியாதா? தெரியும். தொடை அனுப்பத் தெரிந்தவருக்கு அது தெரியாமல் இல்லை.

ஆத்திரத்துக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது. சரிதா பக்கம் திரும்பினார்.

"எங்க ரெண்டு பேரையும் மோத விட்டு வேடிக்கை பாக்கறீங்களாம்மா? நான் மேலே, அவ கீழே. எனக்கு மேலே ஒருத்தன் இருக்கானே, அவன் எங்கே? கால்வாய்ல தொறந்து விட்டவன் வந்திருக்கானா இந்தப் பந்தலுக்கு? அவனுக்கு எத்தனை கொட்டை குடுத்தீங்க?"

சரிதா மைக்கைக் கீழே வைத்தாள். மைக் இல்லாமல் பேசினாள்.

"வரலை ஐயா. கூப்பிட்டோம். கால்வாய் பாதி அந்த ஸ்டேட்ல இருக்கு. இந்தப் பக்கம் யார் விட்டாங்கன்னு தண்ணி எடுத்து டெஸ்ட் பண்ணித்தான் நிரூபிக்கணும். அதை அடைக்கற அதிகாரம் என் கையில இல்ல. பொய் சொல்ல விரும்பல."

"அப்ப உன் கையில என்னாதான் இருக்குது?"

"உங்க எல்லார் பேர்லயும், சுத்தம் பண்ணாத தண்ணி ஒரு சொட்டுகூட ஏரிக்குள்ள வரக்கூடாதுன்னு முதல் நோக்கமா எழுதி, மேல அனுப்பறது. அஞ்சு வருஷக் கெடு. அது இருந்தாத்தான் நாளைக்குக் கேள்வி கேக்க முடியும்."

கை தட்டினார்கள். தங்கதுரையும் தட்டினார். நாராயணப்பனும் தட்டினார். ஒரு சொட்டுகூட வரக்கூடாது என்ற வரி எல்லாருக்கும் பிடித்திருந்தது. யார் வீட்டுக் குழாயையும் அது பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

"அஞ்சு வருஷம்" என்றார் கோவிந்தப்பன். "என் மாடு வைகாசியில ஈனும். அதுவரைக்கும் அது என்னாத்தைக் குடிக்கும்? உன் வரியையா?"

சரிதா, பந்தல் செலவை ஏற்ற கம்பெனியின் ஆளைப் பார்த்தாள். அவர் காதோரம் ஏதோ சொன்னார். அவள் தலையாட்டிவிட்டுத் திரும்பினாள்.

"மாடு வச்சிருக்கறவங்களுக்காக ஒரு தொட்டி கட்டித் தரோம். உங்க நெலத்து முனையிலேயே கட்டலாம், பாதை இருக்கு. அடுத்த வாரத்திலிருந்து கம்பெனி லாரியில நல்ல தண்ணி வந்து ஊத்தும்."

"எங்க ஊர்ல?" என்றாள் சாக்கம்மா.

"இந்தத் திட்டம் இந்த ஏரி எல்லை வரைக்கும்தாம்மா. உங்க ஏரிக்குத் தனியா..."

"தண்ணிக்கு எல்லை கெடையாது, தொட்டிக்கு மட்டும் எல்லையா?"

"நான் கேட்டுப் பாக்கறேன்மா. உறுதியா சொல்ல முடியாது."

எல்லாரும் கோவிந்தப்பனைப் பார்த்தார்கள். அவர் வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்றுதான் ஆனந்தராஜ் நினைத்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். அவரும் அப்படித்தான் நினைத்தார். தொட்டியை உன் கம்பெனி வாசலில் கட்டிக்கொள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் காலையில் கருப்பி தலையைத் திருப்பிக்கொண்டதும், சரிந்து தொங்கிய வயிறும் கண்முன்னே நின்றன. வேண்டாம் என்ற சொல் வெளியே வரவில்லை. அதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய ஆத்திரமாக இருந்தது. அவர் கணக்கில் சாக்கடையை விட்டவனும் கம்பெனிக்காரன்தான்; அவன் கையாலேயே நல்ல தண்ணீரையும் வாங்கிக் குடிக்க வைக்கிறார்கள். வாங்கினால் வாயடைத்துப் போகும். வாங்காவிட்டால் மாடு சாகும்.

முனிலட்சுமி எழுந்தாள். கப்பிலிருந்த கொட்டையை எடுத்துத் தெளிந்த தண்ணீர்ப் படத்தின்மேல் ஒவ்வொன்றாக வைத்தாள்.

"தொட்டி கட்டுங்க மேடம். எங்க நெலத்துலயே கட்டுங்க. லாரி எந்தக் கெழமை வரும்னு மட்டும் சொல்லுங்க."

"யாரைக் கேட்டு ஒத்துக்கற?" என்றார் கோவிந்தப்பன்.

"மாட்டைக் கேட்டேன் மாமா. செவலையோட கன்னுக்குட்டியைக் குழியில போட்டது நானு. நீங்க மேட்டுல நின்னுக்கினு துண்டை உதறினீங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. அப்புறம் பின் வரிசையைப் பார்த்து, "சாக்கக்கா, தொட்டி வந்துச்சுன்னா உங்க மாட்டையும் ஓட்டிக்கினு வாங்க. எங்க மாமா ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றாள்.

"ரெண்டு மைலுடி" என்றாள் சாக்கம்மா. "தண்ணி குடிக்க ஓட்டிக்கினு வந்தா, திரும்பி ஊடு சேர்றதுக்குள்ள மறுபடி தாகம் எடுக்கும்." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினாள். வரும்போது வந்த வழியே, கோடியிலிருந்து கீழே போகிற வாய்க்கால் ஓரமாக.

போட்டோ எடுக்க ஆட்களை நிறுத்த ஆரம்பித்தார்கள். கம்பெனி ஆள் கோவிந்தப்பனை நடுவில் வரச் சொன்னார், வயசானவர் இருந்தால் படம் நன்றாக இருக்கும் என்று. சரிதா அவர் கப்பைப் பார்த்தாள்.

"உங்க கொட்டையை வைக்கலையே ஐயா."

"வெதைக்கறதைக் கொண்டாந்து காகிதத்து மேல வைக்கச் சொல்றீங்க. எங்க வைக்கறது? கீழே இருக்கறவளுக்குப் படம் போட்டிருக்கியா? மேல இருக்கறவனுக்குப் போட்டிருக்கியா?"

"போடலை" என்றாள் அவள். "அடுத்த கூட்டத்துல போடறேன்."

"அடுத்த கூட்டமா?" கோவிந்தப்பன் கப்பை அவள் கையிலேயே கொடுத்தார். "நீ நல்லவளாத்தான் இருப்ப. இருக்கலாம்."

பந்தலை விட்டு வெளியே வந்தார். சாப்பாட்டு இலை போடுகிற சத்தம் கேட்டது. ஆனந்தராஜ் பின்னாலேயே ஓடி வந்தான்.

"நைனா, சாப்பிட்டுப் போ. கெடச்சுதில்ல, தொட்டி கெடச்சுதில்ல? இன்னும் என்னா வேணும் உனக்கு?"

"லாரி வரட்டும்."

"வரும்னு சொல்றாங்கல்ல."

"ஒரு மாசம் வரும். ரெண்டு மாசம் வரும். அப்புறம் டிரைவர் லீவு, டயர் பஞ்சர், மேனேஜர் மாறிட்டாருன்னு ஒண்ணொண்ணா வரும். நீ போய்ச் சாப்பிடு, நைட்டெல்லாம் தூங்கல."

கரைமேல் நடந்தார். காற்று எதிரே அடித்து ஏரி நுரையைப் பஞ்சு பஞ்சாகக் கரைமேல் தூக்கிப் போட்டது. ஒரு திவலை வந்து தோளில் ஒட்டியது. துண்டால் வழித்து எறிந்தார். இன்னொன்று வந்து ஒட்டியது. அதையும் வழித்தார். பின்னால் மைக்கில் யாரோ எல்லாரையும் சிரிக்கச் சொன்னார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.